புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடலூரில் ஏன் தங்குவதில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உங்கள் தாத்தா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதைச் சீர்செய்து இரண்டு மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விடலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயக்கத்துக்கான காரணத்தையும் சொல்லியிருக்கிறீர்கள். சனி, ஞாயிறு வந்தால் புதுச்சேரியில் அறை கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் கடலூரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. “எங்களிடமும் கடல் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, பாடல் பெற்ற தலம் இருக்கிறது. பிறகு ஏன் வருவதில்லை?” என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பயணிகளை இழுக்கும் தன்மை ஓர் ஊருக்குப் பிறவியிலேயே வாய்ப்பதா, உண்டாக்கக் கூடியதா? உண்டாக்கலாம் என்றால் அதை நம்பிக் கைப்பணத்தைப் போடலாமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுச்சேரியில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்து, பிறகு கல்லூரியில் சுற்றுலா மேலாண்மை கற்பிக்கப் போனவன். வீடு கடலூரில். ஆகவே காலையில் ஓர் ஊர், இரவில் ஓர் ஊர் என்று இரண்டையும் பார்த்து வளர்ந்த கருத்துகள் இவை. சில, இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்டவை. சில என் சொந்த முடிவுகள். எது எது என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒப்புக்கொள்ளப்பட்டதிலிருந்து தொடங்குவோம். பார்க்கத் தகுந்த ஒன்று இருந்தால் மட்டும் ஓர் இடம் சுற்றுலாத் தலம் ஆகிவிடாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் நீல் லீப்பர் 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்றை எங்கள் மாணவர்கள் எல்லாரும் படிப்பார்கள். பயணி, பார்க்கும் பொருள், அந்தப் பொருளைப் பற்றிப் பயணிக்கு எட்டும் செய்தி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஈர்ப்பு என்பது உருவாகிறது என்பது அவர் வாதம். மூன்றாவதாகச் சொன்ன செய்தி இல்லையென்றால் முதல் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. செய்தி என்றால் விளம்பரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். வழியில் நிற்கும் பெயர்ப்பலகை, ஆட்டோ ஓட்டுநர் சொல்லும் ஒரு வரி, பாடப்புத்தகத்தில் வந்த படம் எல்லாம் அதில் அடங்கும். இதோடு போக்குவரத்து, தங்குமிடம், குடிநீர், கழிப்பறை என்னும் வசதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றின் பலன் பாதியாகிவிடும்.

இனி புதுச்சேரி. “பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள், அதனால் கூட்டம் வருகிறது” என்பது எல்லாரும் சொல்லும் விடை. “சாராயம் மலிவு, அதனால் வருகிறது” என்பது எல்லாரும் சற்றுத் தணிந்த குரலில் சொல்லும் விடை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் போதாது என்பதற்குக் கண்முன்னே சான்று இருக்கிறது. காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் அதே பிரெஞ்சு ஆட்சியில் 1954 வரை இருந்தவைதாம். மது விலையும் அங்கே பக்கத்து மாநிலத்தைவிடக் குறைவுதான். மாஹேக்கு வருகிறவர்களில் பலர் பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார்கள். காரைக்காலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் திருநள்ளாற்றில் சனீஸ்வரரைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். பிரெஞ்சும் மதுவும் சேர்ந்தாலே போதும் என்றால் அந்த ஊர்களிலும் சனிக்கிழமை இரவு அறை கிடைக்கக் கூடாது. கோட்டை இருந்தால் போதும் என்பதும் சரிவராது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து முழுதாக நிற்கிறது. அங்கே இரவு தங்குகிறவர்களோ மிகச் சிலர்.

அப்படியானால் புதுச்சேரிக்கு மட்டும் வாய்த்தது எது? முதலில் தூரம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். வெள்ளி மாலை கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பெங்களூருவிலிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வார இறுதிக்கு அதுவும் கட்டுப்படியாகிறது. இரண்டாவது, ஒரு நகருக்குள் தொடர்ந்து வந்துபோகும் கூட்டம் ஒன்று சுற்றுலாத் துறை என்ற ஒன்று வேரூன்றும் முன்பே உருவாகிவிட்டது. அரவிந்தர் 1910-இல் வந்தார். ஆசிரமம் 1926-இல் அமைந்தது. 1968-இல் ஆரோவில் தொடங்கியது. தரிசனத்துக்கு வந்த வங்காளிகளுக்கும் குஜராத்திகளுக்கும் வெளிநாட்டாருக்கும் தூய்மையான, எளிய, நியாயமான வாடகையில் தங்குமிடம் தேவைப்பட்டது. அந்தத் தேவை ஊருக்கே விருந்தினரை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது. விருந்தினர் இல்லத்தை நடத்தத் தெரிந்தவர்கள், படுக்கை விரிப்பை எப்படி மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள், வேற்று மொழி பேசுகிறவரோடு பொறுமையாகப் பேசத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். இதைப் புள்ளிவிவரத்தில் காட்ட முடியாது. ஆனால் வழிகாட்டியாக இருந்த காலம் முழுவதும் நான் உணர்ந்தது இது.

மூன்றாவதாக நான் சொல்லப்போவதுதான் என் பார்வையில் மிக முக்கியமானது: அங்கே நடக்க முடிகிறது. டச்சுக்காரர்கள் 1693-இல் புதுச்சேரியைப் பிடித்து ஆறு ஆண்டு வைத்திருந்தபோது வகுத்த தெருத் திட்டம் நேர்க்கோடுகளால் ஆனது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து பழைய திட்டத்தின் மேலேயே கட்டினார்கள். அந்த நேர்த்தெருக்களுக்குள் வழி தவறுவது கடினம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு இரும்புத் தடுப்பை இழுத்து வைத்ததும் வண்டிகள் நின்றுவிடும். மறுநாள் காலை வரை அந்தச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடப்பவர்களுக்குத்தான். அதில் நடந்தால் போர் நினைவுச்சின்னம், காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், தென்கோடியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை என்று சில நிமிடத்துக்கு ஒன்று எதிர்ப்படும். உட்கார மேடை இருக்கிறது. குழந்தை ஓடலாம். கால் வலிக்கும் பாட்டி ஒரு கல்லில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் போய்விட்டு வந்து அழைத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் அந்த இரண்டு மணி நேரம் அலுப்பில்லாமல் போய்விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கடற்கரையில் நெடுங்காலம் மணலே இல்லை. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்துக்கொண்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை அரித்துப்போய், கருங்கற்களைக் கொட்டி ஊரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பின்னர்தான் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. அதாவது, கால் நனைக்க முடியாத, கல் குவிந்த கடற்கரைக்கு இத்தனை ஆண்டு இத்தனை பேர் வந்திருக்கிறார்கள். நம் தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச் என்று பெயர் சொல்லும்படி அகன்ற மணல் இருந்தும் வெளியூரார் வரவில்லை. கடல்தான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

நம் ஊரின் நிலை வேறு. கடலூர் ஒரே ஊராக இருப்பதில்லை. திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், தேவனாம்பட்டினம், முதுநகர் என்று ஐந்தாறு ஊர்கள் கெடில ஆற்றின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. கோயில் ஒரு பக்கம், கடற்கரை ஒரு பக்கம், பழைய துறைமுகம் இன்னொரு பக்கம். நடுவே இருப்பது நிழலில்லாத சாலையும் பஸ்ஸின் ஹாரனும். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒருவர், கோயிலைப் பார்த்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று யாரையாவது கேட்டால் “பீச்சுக்குப் போங்கள்” என்பார்கள். ஆட்டோ பிடித்துப் போவார். சுண்டல், மீன் வறுவல், ஒரு மணி நேரக் காற்று. ஏழரை மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. திரும்பிப் புதுச்சேரிக்கே போய்விடுவார்.

அவர் நின்ற மணலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. ஆங்கிலேயக் கம்பெனி அதை 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. எல்லையைத் தீர்மானிக்கப் பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். இது கம்பெனியின் ஆவணங்களில் இருக்கும் செய்தி. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்று இங்குள்ளவர்கள் சொல்வதும் பொருத்தமாகவே படுகிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு மாறி, 1752 வரை இங்கேயே இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்தார். 1783 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலக் கப்பற்படையோடு மோதியது நம் கடலில்தான். அவர் பெயரில் புதுச்சேரியில் ஒரு வீதி இருக்கிறது; அங்கே படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அவர் போரிட்ட கடல் ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பது தெரியாது. லீப்பர் சொன்ன மூன்றில் பொருள் இருக்கிறது, பயணி பக்கத்திலேயே இருக்கிறார், இணைக்கும் செய்திதான் இல்லை. கோட்டையிலிருந்து நெடுந்தூரம் போகும் சுரங்கப்பாதை பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. அவற்றை நான் பயணிகளிடம் சொல்வதில்லை. உறுதியாகத் தெரிந்தவையே கேட்பவரை வியக்க வைக்கும்போது கதை எதற்கு?

திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்கும் இதே கதிதான். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள், அவர் ‘சொற்றுணை வேதியன்’ என்று பாடக் கல் மிதந்து கரை சேர்ந்தது என்பது பெரிய புராணம். அவர் கரையேறிய இடமாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் இன்றும் கடலூரில் இருக்கிறது. சித்திரையில் விழாவும் நடக்கிறது. புராணத்தை வரலாறாக நான் சொல்லமாட்டேன். ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் பெரிய சமண மடம் இருந்ததை ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகை என்ற ஊரில் எழுதி முடிக்கப்பட்டதாக அதிலேயே குறிப்பு இருக்கிறது. பாடலிகை நம் ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நமக்குக் கிடைத்திருப்பது அதன் பிற்கால வடமொழி வடிவம். இடமதிப்பு முறையில் சுழியை, அதாவது பூஜ்யத்தை, கையாண்ட மிகப் பழைய நூல்களில் ஒன்றாகக் கணித வரலாறு எழுதுகிறவர்கள் அதைக் காட்டுகிறார்கள். சுழியோடு இத்தனை நெருங்கிய உறவு கொண்டாட இடமிருக்கும் ஊர் உலகில் எத்தனை இருக்கும்? இதைச் சொல்லும் ஒரு பலகைக்கு ஆகும் செலவு என்ன? எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

செய்தி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிச்சாவரத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்த அலையாத்திக் காட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அன்று காலைதான் சிதம்பரத்தில் நடராசரைத் தரிசித்திருப்பார்கள். இரண்டும் தனித்தனி இடங்கள் என்றே நினைத்திருப்பார்கள். துடுப்புப் படகு போடும் ஒருவர் என் குழுவை ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் கொண்டுபோய்ப் படகை நிறுத்தினார். சுரபுன்னையின் வேர்கள் இரு பக்கமும் விழுது போல நீரில் ஊன்றி நின்றன. துடுப்பின் நுனியால் அவற்றுக்குப் பின்னால் இருந்த ஒரு மரத்தைக் காட்டி, “அதுதான் தில்லை. கிட்டே போகாதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்” என்றார். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து, “தில்லையா? கோயில் தலமரமா?” என்று கேட்டார். ஆமாம், சிதம்பரம் ஒருகாலத்தில் தில்லைக் காடாக இருந்தது, இப்போது அந்த மரத்தைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும் என்று படகுக்காரர் சொன்னதும், அந்தக் குடும்பம் இன்னும் ஒரு மணி நேரத்துக்குப் படகைக் கேட்டது. மரம் அங்கே எப்போதும் இருக்கிறது. கூடுதல் ஒரு மணி நேரக் கூலி வந்தது அந்த ஒரு வரியால். மோட்டார்ப் படகில் வேகமாகச் சுற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. சிறு வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகால்தான் நுழைய முடியும்.

இதே பிச்சாவரத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் வழிகாட்டிகள் எல்லாரும் சொல்வார்கள்: 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காடுதான் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றியது என்று. இதை நான் சற்று நிதானித்துத்தான் சொல்வேன். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்று கண்டு எழுதினார்கள். அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்ட வேறு சிலர், அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே பெரும்பகுதி காரணம் என்று வாதிட்டார்கள். சாதாரணப் புயல் அலையைக் காடு தணிக்கிறது என்பதில் தகராறு இல்லை. ஆழிப்பேரலையை எவ்வளவு தணித்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

அடுத்து, பயணிகள் எண்ணிக்கை என்று செய்தித்தாளில் வருவதைப் பற்றி. உள்நாட்டுப் பயணிகள் வருகையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் நாட்டில் முதலிடத்தில் இருந்தது. அதில் பெரும்பங்கு கோயிலுக்கு வந்து அன்றே திரும்புகிறவர்கள். சுற்றுலாக் கணக்கில் ஓரிரவாவது தங்குகிறவரை ஒரு வகையாகவும், அன்றே திரும்புகிறவரை வேறு வகையாகவும் பிரிப்பது உலக வழக்கு. ஊருக்குள் சேரும் பணத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டு வகைக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. அன்றே திரும்புகிறவர் பார்க்கிங் கட்டணமும் தேநீர்க் காசும் கொடுத்துவிட்டுக் குப்பையை விட்டுச் செல்கிறார். தங்குகிறவர் இரவு உணவு, காலை உணவு, சலவை, ஆட்டோ, மறுநாள் ஒரு சிறு பயணம் என்று பத்துப் பேருக்குப் பிழைப்பு தருகிறார். ஆகவே “கடலூருக்குக் கூட்டம் வர வேண்டும்” என்று ஆசைப்படாதீர்கள் என்பேன். சில்வர் பீச்சுக்குக் காணும் பொங்கல் அன்று வரும் கூட்டமே போதும், மூச்சு முட்டுகிறது. நமக்குக் குறைவாக இருப்பது இரவுகள்.

கூட்டம் என்ன செய்யும் என்பதற்கும் புதுச்சேரியே பாடம். ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980-இல் சுற்றுலாத் தலங்களின் வாழ்க்கைப் பாதையை வரைந்து காட்டினார். முதலில் சிலர் தேடி வருகிறார்கள். பிறகு உள்ளூரார் ஈடுபடுகிறார்கள். பிறகு வெளி முதலீடு நுழைந்து வேகமாக வளர்கிறது. ஒரு கட்டத்தில் ஊரின் தாங்கும் அளவைத் தொட்டுத் தேங்குகிறது. அதன்பின் புதுப்பித்துக்கொள்ளும் அல்லது சரியும். எல்லா ஊரும் இதே வரிசையில் போகும் என்று சொல்ல முடியாது, விதிவிலக்குகள் நிறைய. ஆனால் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த வெள்ளை நகரத்தில் வீட்டு வாடகை ஏறி, பழைய குடிகள் வெளியேறி, வீடுகள் எல்லாம் உணவகமும் விடுதியும் ஆகிவருவதைப் பார்க்கும்போது அந்த வரைபடம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. திங்கள் காலை கடற்கரையைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர்களிடம் கேட்டுப் பாருங்கள், வார இறுதி என்றால் என்ன என்று. நகரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், தெருவோரத் தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் கொண்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. வைசியாள் வீதியின் ஒரு பகுதியைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அந்தத் தெருவில் நடந்து பார்த்தால் எதை இழந்துவருகிறோம் என்பது தெரியும். பிரெஞ்சு வீடுகளைக் காக்க இருக்கும் அக்கறை தமிழ் வீடுகளைக் காக்கவும் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடலூருக்கு இன்னொரு தடையும் உண்டு. அதைப் பேசாமல் இருக்க முடியாது. வெளியூரில் இருப்பவருக்குக் கடலூர் என்றால் நினைவுக்கு வருவது 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயல், 2015 வெள்ளம், சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியின் மாசடைந்த காற்று. ஓர் ஊரைப் பற்றிய மனச்சித்திரம் விளம்பரத்தைவிடச் செய்தியால்தான் அதிகம் உருவாகிறது என்பது ஆய்வுகளில் நன்கு நிலைபெற்ற முடிவு. பேரிடரின் நினைவு சில ஆண்டுகளில் மங்கும். காற்றின் நாற்றம் அப்படியல்ல. அது இருக்கும் வரை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்வது அங்கே குடியிருக்கும் மக்களின் உடல்நலத்துக்காகத்தான் முதலில் தேவை. சுற்றுலா அதற்குப் பிறகு.

என்ன செய்யலாம்? இனி வருவது என் கருத்து. நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுச்சேரியைப் போல நடக்கும் நகரமாகக் கடலூரை மாற்ற முடியாது; அதன் உருவம் அதற்கு ஒத்துவராது. அதைச் சுற்றுப்புறத்துக்கான தங்குமிடமாக ஆக்க முடியும். திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாளும், வேதாந்த தேசிகர் வாழ்ந்த இடமும், எதிரே ஔஷதகிரியில் ஹயக்ரீவரும் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். பண்ருட்டிப் பக்கம் திருவதிகைச் சிவன் கோயில். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிந்துகொண்டு, வருகிறவர்க்கெல்லாம் சோறு போடுகிறது. சிதம்பரமும் பிச்சாவரமும் சேர்ந்தால் ஒரு முழு நாள். வடக்கே புதுச்சேரி எல்லைக்குள் பாகூர் ஏரியும் சோழர் காலத்து மூலநாதர் கோயிலும். எல்லாமே காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தூரம். ஊருக்குள் விடியற்காலை முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடப்பதைப் பார்ப்பதற்கு ஈடான காட்சி புதுச்சேரி வெள்ளை நகரத்தில் கிடையாது. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களின் அனுமதி கேட்டு, ஓரமாக நின்று பார்க்கும் சிறு குழுவுக்குத்தான் அது பொருந்தும்.

அரசு பெரிய கட்டடம் கட்டினால் ஊர் வளரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். வடலூரில் வள்ளலார் பெயரில் பன்னாட்டு மையம் கட்ட முனைந்தபோது, சத்திய ஞான சபையின் பெருவெளி வெளியாகவே இருக்க வேண்டும் என்று அன்பர்களும் ஊராரும் எதிர்த்ததை நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்தன்று சோதி தரிசனத்துக்கு அத்தனை மக்களும் நிற்பது அந்த வெற்றிடத்தில்தான். ஓர் இடத்துக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்களோ அதையே வசதி என்ற பெயரில் எடுத்துவிடக் கூடாது. நிழல், குடிநீர், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை, தெளிவான பலகை ஆகியவை இருந்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: பூட்டிக் கிடக்கும் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் படுக்கையும் காலை உணவும் வழங்கும் இல்லங்களுக்கான திட்டத்தில் பதிய வேண்டுமென்றால் உரிமையாளர் குடும்பத்தோடு அங்கே குடியிருக்க வேண்டும். அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. நீங்களோ உங்கள் வீட்டார் ஒருவரோ அங்கே இருக்க முடியாது என்றால் அது விடுதிக் கணக்கில் வந்துவிடும். உரிமமும் வரியும் வேறு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். இதில் தவறினால் சட்டச் சிக்கல். வீட்டை விரிவாக்குவதாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு உங்கள் மனைக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அது கடற்கரைக்கு மட்டுமல்லாமல், கடல் ஏற்ற இறக்கம் எட்டும் கெடிலக் கரைக்கும் உண்டு. 2015-இல் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, மின் இணைப்புகளை அதற்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

திண்ணையையும் முற்றத்தையும் இடித்துக் குளிர்சாதன அறை கட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விருந்தினர் பணம் கொடுப்பது அவற்றுக்காகத்தான். பணத்தைக் கழிப்பறையிலும், தண்ணீர்த் தொட்டியிலும், கொசுவலையிலும், நல்ல மெத்தையிலும் போடுங்கள். கடன் வாங்காமல் இரண்டு அறைகளோடு தொடங்குங்கள். உங்களிடம் வரக்கூடியவர்கள் புதுச்சேரிக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினர்தான்: தலயாத்திரை வரும் குடும்பங்கள், பறவை பார்க்க வருகிறவர்கள், வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள், புதுச்சேரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் அமைதி தேடுகிறவர்கள். இவர்களைக் கொண்டு ஒரு குடும்பத்துக்குத் துணை வருமானம் வரும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லலாம். முழு வருமானம் வரும் என்று சொல்லத் துணிய மாட்டேன். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் பாதி வரை மழையும் புயல் எச்சரிக்கையுமாக அறைகள் காலியாகக் கிடக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்திலும் தைப்பூசத்துக்கு வடலூரிலும் இடம் கிடைக்காதவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். கோடையில் வெயில் கொளுத்தினாலும் பண்ருட்டிச் சாலையோரம் பலாப்பழம் குவிந்திருக்கும். அதற்காகவே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. வேலையை இப்போது தொடங்கினால் மழைக்கு முன் கூரையையும் குழாயையும் முடித்துக்கொண்டு, முதல் விருந்தினரைத் திருவாதிரைக்கு வரவேற்கலாம்.